சரியாத நாற்காலிகள்

1

பிரெமன் நகரத்தில் மலை கிடையாது. வட ஜெர்மனியில் ஆற்றை ஒட்டிக் கிடக்கும் தட்டையான ஊர். சைக்கிளில் போகும்போது மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் என்றால் ரயில் பாதைக்கு மேலே போகும் பாலம் ஒன்றுதான். குன்னூர் பெட்போர்டில் பிறந்து, பள்ளிக்கும் கடைக்கும் சர்ச்சுக்கும் ஏறி இறங்கியே வளர்ந்த எனக்கு, வந்த புதிதில் கால்களுக்கு வேலையே இல்லாததுபோல் இருந்தது. இந்த ஜூன் மாதத்தோடு பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கால்கள் பழகிவிட்டன.

பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டாள்: "எஸ்தர், இத்தன வருசமா அங்க என்னதான் பண்றே?" வழக்கம்போல் "வேலை, ஊடு, சமையல்" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையையும் போட்டேன். அது பொய் இல்லை. துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் கிரேன்களுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில், சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. கணவர் ஆல்பர்ட் மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். மகள் ஹன்னாவுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தோம்.

ஆனால் இந்த ஆண்டுகளில் நான் செய்த வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது வேறொன்று. ஒரு மெய்நிகர் உலகத்துக்குப் புவியீர்ப்பு எழுதிக் கொடுத்தேன். சம்பளம் கிடையாது. குழுவில் ஒரு வரியில் சொன்னால் யாருக்கும் புரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

அம்மா போனபின் அப்பா குன்னூர் வீட்டில் தனியாக இருக்கிறார். வெலிங்டன் ராணுவ முகாமின் பண்டகசாலையில் சிவிலியன் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்து இருங்கள் என்று கூப்பிட்டால், "இந்த முட்டிய வெச்சுட்டு பிளைட்ல எப்பிடிம்மா உக்காருவேன்" என்பார். முட்டி ஒரு காரணம்தான். காலை நடை, ஞாயிறு ஆராதனை, பழைய ஆபீஸ் நண்பர்களோடு பேக்கரியில் டீ, இதையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் வீட்டு ஜன்னல் வழியே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு மனமில்லை. எனக்கும் அது புரிந்தது.

என் கவலை ஹன்னாவைப் பற்றி. வீட்டில் நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்களுக்கு அது பழகிவிட்டது. அப்பாவிடம் அது நடக்காது. வாரம் ஒருமுறை போனை அவள் காதில் வைப்பேன்.

"சாப்ட்டயா அம்மிணி?"

"ம்."

"ஸ்கூலெல்லாம் எப்பிடிப் போகுது?"

"நல்லா."

"செரி, அம்மாகிட்ட குடு."

இவ்வளவுதான். இருவர் மேலும் குற்றம் இல்லை. பேசுவதற்குப் பொதுவான விஷயம் எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நிறுவனத்தில் கிரேன் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு மெய்நிகர் உலகத்தைப் பயன்படுத்தலாமா என்று பார்த்தார்கள். திரையில் ஒரு நிலம் தெரியும். அதில் நமக்கென்று ஒரு பொம்மை உருவம். அதை நடக்க வைக்கலாம், வீடு கட்டலாம், வேறு நாட்டிலிருந்து வருகிறவரோடு பக்கத்தில் நின்று பேசலாம். கட்டற்ற மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கணினியில் ஓட்டலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். உலகமெங்கும் சிதறியிருக்கும் கொஞ்சம் பேர் ஓய்வு நேரத்தில் அதைப் பராமரிக்கிறார்கள். நிறுவனத்துக்கு அது சரிப்பட்டு வரவில்லை. நான் அதை எங்கள் வீட்டுப் பழைய கணினியில் போட்டுக்கொண்டேன். அப்பாவும் ஹன்னாவும் அதில் சந்திக்கலாமே என்று ஓர் எண்ணம்.

ஆரம்பத்தில் கிடைப்பது கடலுக்கு நடுவே ஒரு சதுரத் தட்டை நிலம். நான் முதலில் செய்த காரியம் அதை மேடாக்கியதுதான். உச்சியில் ஓட்டு வீடு, வாசலில் நான்கு நாற்காலிகள், கீழே வரப்பு வரப்பாகத் தேயிலை. குன்னூரில் பக்கத்து வீட்டு மஞ்சுளா அப்பாவின் கணினியில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்து, எந்தப் பொத்தானை அமுக்கினால் நடக்கலாம் என்றும் கற்றுக்கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை, எங்களுக்குக் காலை, அவருக்குப் பிற்பகல், அப்பாவின் உருவம் வாசலில் வந்து நின்றது. சாம்பல் நிறக் கோட்டு, ஹன்னா தேர்ந்தெடுத்தது.

"ஏம்மா, கீழ தண்ணி தெரியுதே. மேட்டுப்பாளையத்துல எப்ப கடல் வந்துச்சு?" என்றார்.

"அது தானா வர்றதுங்கப்பா. இங்க எல்லா நெலத்தச் சுத்தியும் கடல்தான்."

"செரி. உக்காரலாமா?"

உட்கார வைத்தேன். ஹன்னாவின் உருவமும் பக்கத்தில் வந்து நின்றது. மழை, மஞ்சுளா, மருந்துக்கடை என்று பேசிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். குரல் பக்கத்தில் கேட்கிறது, ஆளைக் காணோம். நாற்காலி அவரோடு சேர்ந்து சரிவில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கப்பா, எங்க போறீங்க?"

"நானெங்கம்மா போறேன். நீதான் ஊட்டோட மேல போயிட்டிருக்கறே."

நாற்காலி முதல் வரப்பில் முட்டி நின்றது, யோசித்தது, பக்கவாட்டில் திரும்பி மறுபடி இறங்கியது. கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு கடலுக்குள் போய்விட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "பரவால்ல. முட்டி வலிக்கல."

ஹன்னா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். எனக்கு மட்டும், வந்த விருந்தாளியைக் கிணற்றில் தள்ளிவிட்டதுபோல் கூச்சமாக இருந்தது. அன்றே காரணத்தைத் தேட ஆரம்பித்தேன்.

3

இப்படிப்பட்ட உலகத்தில் எது விழும், எது நிற்கும், எது எதோடு மோதும் என்பதைக் கணக்குப் போடும் பகுதிக்கு இயற்பியல் எஞ்சின் என்று பெயர். நாற்காலியை நிலத்தில் வைத்தால், கணக்குப் பிசிறில் அது தரைக்குள் மயிரிழை புதையும். எஞ்சின் அதை வெளியே தள்ளும். சமதரையில் நேராக மேலே தள்ளுவதால் ஒன்றும் தெரியாது. சரிவில் தள்ளும்போது கீழ்ப்பக்கம் கொஞ்சம் நகரும். மறுபடி புதையும், மறுபடி தள்ளும். அப்படியே கடல்வரைக்கும். உராய்வு என்பது அந்தக் கணக்கில் பெயருக்குத்தான் இருந்தது.

அந்த உலகத்தின் மூலநிரலுக்குப் பொறுப்பாளர்போல இருப்பவர் வில்லெம், நெதர்லாந்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். "சார், உங்கள் மோதல் கணக்கில் எனக்கு ஒரு டவுட் இருக்கிறது" என்று தொடங்கினேன். நம் ஊரில் வகுப்பில் கையைத் தூக்கி டவுட் கேட்டால் டீச்சருக்குச் சந்தோஷம். வில்லெமிடமிருந்து சில வாரங்கள் பதிலே இல்லை. பிறகு ஒற்றை வரி வந்தது: "எதை நம்ப மறுக்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்."

எனக்குப் புரியவில்லை. ஹன்னாவிடம் காட்டினேன். அவள் பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறவள்.

"அம்மா, அவர் செஞ்சது தப்புன்னு நீ எழுதியிருக்கே" என்று ஜெர்மனில் சொன்னாள். "டவுட்னா கேள்வி இல்ல. நம்பாதது."

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அதே சொல்லை ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் ஹன்னாவின் ஆசிரியையிடம் "உங்கள் மதிப்பெண் முறையில் எனக்கு ஒரு சந்தேகம்" என்று சொன்னபோது அந்த அம்மாவின் முகம் ஏன் அப்படிப் போனது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கேள்வி" என்று திருத்தி, "சார்" என்பதையும் எடுத்துவிட்டு, மறுபடி எழுதினேன். இந்த முறை நீளமான பதில் வந்தது. பழைய எஞ்சினை எழுதியவர் எப்போதோ விலகிப் போய்விட்டார். அதற்குள் கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. சரிவில் பொருள்கள் நழுவுவதைப் பற்றி இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை, ஏனென்றால் எல்லோரும் நிலத்தைத் தட்டையாக்கிவிட்டுத்தான் கட்டுவார்கள். "நீங்கள் ஏன் மேட்டில் கட்டினீர்கள்?" என்று கேட்டிருந்தார். எங்கள் ஊரில் தட்டையான நிலமே கிடையாது, கால்பந்து ஆடுகிற இடம்கூட மண்ணை வெட்டிச் செய்ததுதான் என்று எழுதினேன். புதிய எஞ்சின் ஒன்றை இணைக்க யாராவது முன்வந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன் என்று அவர் முடித்திருந்தார். நான் முன்வந்தேன்.

4

அது அவ்வளவு சுலபம் இல்லை. இங்கே வேலை ஒப்பந்தத்தில், வெளியே வேறு எந்த வேலை செய்தாலும் நிறுவனத்திடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. வில்லெமின் தரப்பிலும், எழுதித் தரும் நிரலில் உங்கள் முதலாளிக்கு உரிமை இல்லை என்று எழுத்தில் வேண்டும் என்றார்கள். ஆகவே ஊழியர் பிரிவில் ஃபிராவ் பீட்டர்சனைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுகிற, கண்டிப்பான, நல்ல பெண்மணி.

"என்ன வேலை?" என்றார்.

"புவியீர்ப்பு, உராய்வு, மோதல். ஒரு கணினி உலகத்துக்கு."

"எவ்வளவு தருகிறார்கள்?"

"ஒன்றும் இல்லை."

"அப்படியானால் யார் உங்களுக்கு வேலை கொடுத்தது?"

"யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். அப்பா நாற்காலியோடு கடலில் விழுந்த கதையைச் சொன்னேன். என் ஜெர்மன் அந்த மாதிரிக் கதைக்குப் போதாது. "என் தந்தை சரிந்து கடலுக்குள் போய்விட்டார்" என்று நான் சொன்னதும் அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உயிரோடுதான் இருக்கிறார், குன்னூரில் டீ குடித்துக்கொண்டிருப்பார் என்று விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

சட்டப் பிரிவுக்குப் போய், திரும்பி வந்து, கேள்விகளோடு மறுபடி போய், இலையுதிர் காலம் முழுவதும் இதிலேயே கழிந்தது. கிரேனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். கிரேனும் கீழே விழும் என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லை என்று எழுதலாம்போல் இருந்தது, எழுதவில்லை. கடைசியில் ஃபிராவ் பீட்டர்சனே வழி கண்டுபிடித்தார். மாதிரி ரயில் கட்டுவது போன்ற பொழுதுபோக்கு என்று வகைப்படுத்திக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்தத் தாள் கையில் வந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம், இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வந்தபோதுகூட இல்லை. கோயம்புத்தூரில் படித்த என் பட்டத்தை இங்கே ஒரு படி குறைத்துத்தான் மதிப்பிட்டிருந்தார்கள். அடுத்தவர் எழுதியதில் பிழை பார்க்கும் வேலைதான் கிடைத்தது. நானே எழுதி, என் பெயர் போட்டு வெளியே போகிற ஒன்று இதுதான் முதல்.

5

முழுவதும் நானே எழுதியது என்று சொல்லக்கூடாது. விளையாட்டுகளுக்காக வேறு சிலர் எழுதி இலவசமாக வெளியிட்டிருந்த புதிய எஞ்சின் ஒன்றை எடுத்து, இந்த உலகத்தோடு பொருத்துவதுதான் என் பங்கு. சொல்லக் கேட்டால் சின்ன வேலை. ஒரு பொம்மை படியேறும்போது முழங்கால் எங்கே இருக்க வேண்டும், கதவு திறக்கும்போது வழியில் நிற்பவர் என்ன ஆவார், தண்ணீரில் எது மிதக்கும், எல்லாவற்றையும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை ஒரு கழித்தல் குறியை மாற்றிப் போட்டதில், சோதனைக்கு வைத்திருந்த நகலில் வீடு, தேயிலை, நாற்காலி எல்லாம் வானத்துக்குப் போய்விட்டன.

சனிக்கிழமை காலைகளில்தான் எனக்கு நேரம் கிடைக்கும். அதே நேரத்தில்தான் ஹன்னா தன் அறையில் என் அப்பாவோடு அந்த உலகத்தில் இருப்பாள். வாரம் தவறாமல் போனார்கள். நான் சமையலறை மேசையில் நிரலோடு உட்கார்ந்திருப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். சேர்ந்து தோட்டம் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய தமிழில் புதுச் சொற்கள் வந்தன. ஒருநாள் டிராமில் வழியில் நின்ற தன் அப்பாவிடம், அதாவது ஆல்பர்ட்டிடம், "ஓரம் போங்க, வழி உடுங்க" என்றாள். ஆல்பர்ட் திருநெல்வேலிக்காரர். "இது எந்தூருப் பேச்சு?" என்று என்னைப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

வேலை ஓரளவு முடிந்ததும் வெளியே சோதனைக்கு விட்டோம். முதல் புகார் போர்ச்சுகலிலிருந்து வந்தது. எழுதியவர் பெயர் லூர்து. நம் ஊர்ப் பெயராக இருக்கிறதே என்று ஆசையாகத் திறந்தேன். அவரும் நண்பர்களும் தங்கள் நிலத்தில் ஒரு மீன்பிடித் துறைமுகம் கட்டி, வருடா வருடம் படகுத் திருவிழா நடத்துகிறார்களாம். என் எஞ்சினில் ஓட்டிப் பார்த்தால் படகுகள் எல்லாம் மூக்கைத் தண்ணீரில் நுழைத்துக்கொண்டு நிற்கின்றன என்றார்.

கணக்கைப் பார்த்தேன். அந்தப் படகுகளுக்கு முன்பக்கம் எடை அதிகம். பழைய எஞ்சின் எடையை ஒழுங்காகப் பார்க்காததால் இத்தனை நாள் மிதந்திருக்கின்றன. "முன்பு நடந்ததுதான் தவறு, இப்போது நடப்பதுதான் சரி" என்று பதில் எழுதினேன். கிரேன் அறிக்கைகளில் நான் எழுதும் அதே நடை.

"எங்கள் படகுகளுக்கு அது தெரியாது" என்று லூர்து எழுதினார்.

வில்லெம் என் பக்கம் நின்றார். அடுத்த பதிப்பில் பழைய எஞ்சினை அடியோடு நீக்கிவிட்டு, புதியதை மட்டும் வைப்பது என்று முடிவானது. அப்படி நடந்தால் அந்த உலகத்தில் விழுவது, நிற்பது எல்லாமே நான் பொருத்தியபடி நடக்கும். அதை நினைத்து அலுவலகத்துக்குப் போகும் வழியில் பாலத்தின் ஏற்றத்தைக் கொஞ்சம் வேகமாகவே மிதித்தேன்.

6

அப்பாவுக்கும் ஹன்னாவுக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமலே ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மலையில் புதிய எஞ்சினைப் போட்டேன். சனிக்கிழமை நானும் உள்ளே போனேன். நான் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. தோட்டம் ஒன்றும் போட்டிருக்கவில்லை. நான்கு நாற்காலிகளுக்கும் நிறம் பூசியிருந்தது. கடலோரத்தில் கோணலாக ஒரு கம்பம், அதில் ஹன்னாவின் தமிழ்க் கையெழுத்தைப் படமெடுத்து ஒட்டிய பலகை: "கடைசி ஸ்டாப்".

அப்பா பச்சை நாற்காலியில் உட்கார்ந்தார். ஹன்னா சிவப்பில். இருவரும் காத்திருந்தார்கள்.

"போகல" என்றாள் ஹன்னா.

"இனிமே போகாது" என்றேன். "சரி பண்ணிட்டேன்."

அப்பாவின் உருவம் எழுந்து, மறுபடி பச்சை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தது.

"நல்லா நிக்குதும்மா" என்றார் அப்பா. "அசையவே இல்ல. நல்ல வேல."

ஹன்னா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்கே வந்தாள். "ஏன் இப்படிச் செஞ்சே?" என்று ஜெர்மனில் கேட்டாள். "அது எங்களோடது. யாரு உன்னச் சரி பண்ணச் சொன்னா?"

அன்று சாயங்காலம்தான் முழுக் கதையும் தெரிந்தது. இத்தனை மாதமும் இருவரும் செய்தது ஒன்றே ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து கடல்வரை பந்தயம். பச்சை நாற்காலி ஒவ்வொரு வரப்பிலும் நின்று நின்று போகுமாம், அதனால் அப்பா அதற்குக் கோத்தகிரி பஸ் என்று பெயர் வைத்திருந்தார். சிவப்பு மூன்றாவது வரப்பில் பின்பக்கமாகத் திரும்பிவிடும். மஞ்சள் எப்போதாவது துள்ளும், அதன் பெயர் சுடுதண்ணி. நீலத்தை நம்பவே முடியாது. வழியில் நின்றவரை மற்றவர் திட்டலாம், முட்டலாம், லஞ்சம் கொடுப்பதாகச் சொல்லலாம். எல்லாம் தமிழில். அதற்கு வேண்டிய தமிழைத்தான் அவள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஹன்னாவுக்குக் கைப்பந்துப் பயிற்சி வந்தது. அதற்கடுத்த வாரம் அப்பா, "மழம்மா, நெட்டே கெடைக்கல" என்றார். மஞ்சுளாவிடம் கேட்டேன். "நெட்டு நல்லாத்தானுங்க்கா இருக்குது. மாமா பேக்கரிக்குப் போயிட்டாருங்க" என்றாள். போன் மறுபடி ஹன்னாவின் காதுக்குப் போனது. சாப்ட்டயா அம்மிணி. ம்.

7

முதலில் எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். புதிய எஞ்சினிலேயே நாற்காலிகளுக்கு உராய்வைக் குறைத்தேன். நாற்காலிகள் எண்ணெய் தடவியதுபோல் நேராகக் கடலுக்குள் பாய்ந்தன. ஹன்னா ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி போகுது" என்று எழுந்து போய்விட்டாள். வரப்பில் நிற்க வைக்கக் கொஞ்சம் நிரல் எழுதினேன். நின்றன. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே நேரம். அப்பா, "பழையபடியேதாம்மா இருக்குது" என்று எனக்காகச் சொன்னார். ஆனால் இரண்டாவது முறை உட்காரவில்லை.

அந்த வாரம் லூர்தின் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்தத் துறைமுகத்தில் யார் யார் வருகிறார்கள், எந்தப் படகு யாருடையது, எது எந்தப் பக்கம் இழுக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தார். முன்பு அவற்றைப் பிழைக்குச் சம்பந்தமில்லாத பகுதி என்று தாண்டிப் போயிருந்தேன்.

வில்லெமுக்கு எழுதினேன். பழையதை நீக்க வேண்டாம், இரண்டும் இருக்கட்டும், எந்த நிலத்துக்கு எது என்பதை அந்த நிலத்துக்காரர் முடிவு செய்யட்டும் என்றேன். அவர் நேரடியாகப் பேச வேண்டும் என்று அழைத்தார். அதுவரை அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. வெள்ளைத் தாடி, பின்னால் தொட்டிச் செடிகள்.

"உங்கள் எஞ்சின்தான் சரியானது. அதில் உங்களுக்கு டவுட்டா?" என்று கேட்டார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்.

"இல்லை. என்னுடையதுதான் சரி. ஆனால் தவறானதை நம்பிச் சிலர் குடியிருக்கிறார்கள்."

"பழையதைப் பராமரிக்க ஆள் இல்லை. அதனால்தான் நீக்குகிறோம். யார் பார்த்துக்கொள்வது?"

"நான்."

"அதன் நிரலைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?"

"பார்த்திருக்கிறேன்."

அவர் திரும்பிச் செடி ஒன்றிலிருந்து காய்ந்த இலையைக் கிள்ளிவிட்டுச் சரி என்றார். பதிப்பு தள்ளிப் போனது. இன்னொரு குளிர்காலம் அதில் போனது. ஒழிக்க வேண்டும் என்று நான் கிளம்பிய எஞ்சினை வரி வரியாகப் படித்து, புதிய கணினிகளில் ஓடும்படி செய்தேன். கை அரித்தாலும், தள்ளும் கணக்கில் இருக்கும் அந்தப் பிசிறை அப்படியே விட்டேன். அங்கே யாரும் திருத்திவிடாதபடி, இது வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். ஃபிராவ் பீட்டர்சனிடம் போய், பொழுதுபோக்கு இப்போது இரண்டாகிவிட்டது என்றேன். பழைய தாளிலேயே "ரயில்" என்பதை "ரயில்கள்" என்று திருத்திக் கொடுத்துவிட்டார்.

வசந்தத்தில் பதிப்பு வெளியானது. புதிதாக நிலம் எடுப்பவர்களுக்கு என் எஞ்சின். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, அவர்களே மாற்றினால் ஒழிய, பழையது. ஆகவே என் எஞ்சினைப் பயன்படுத்துகிறவர்கள் இப்போதைக்குக் குறைவு. லூர்து சொற்கள் எதுவும் எழுதவில்லை, படகுகள் வரிசையாக நிற்கும் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார்.

எங்கள் மலையிலும் பழையதைப் போட்டேன். ஹன்னாவிடம் சொன்னேன். கைப்பந்து சனிக்கிழமை மதியத்துக்கு மாறிவிட்டது என்றாள். மாறியதா, மாற்றினாளா என்று கேட்கவில்லை.

8

மே மாதம் நானும் ஹன்னாவும் ஊருக்குப் போனோம். ஆல்பர்ட்டுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு ஹன்னா குன்னூருக்கு வருவது இதுதான் முதல்முறை.

முதல் இரண்டு நாட்கள் எனக்குப் பயமாகிவிட்டது. வாசலில் அப்பா அவளைக் கட்டிக்கொண்டார், தலையில் கை வைத்தார். அவள் அவரைவிட உயரமாகியிருந்தாள். பிறகு இருவரும் சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். அவர் டிவியைப் பார்த்தார், அவள் போனைப் பார்த்தாள்.

"குளுருதா அம்மிணி?"

"இல்ல."

"வர்க்கி திங்கறயா?"

"ம்."

திரைக்குள் அத்தனை சண்டை போட்டவர்கள் இவர்கள்தானா என்று இருந்தது. நாம் கட்டியது வெறும் விளையாட்டுச் சாமான்தானோ, நேரில் நிற்க அதற்குக் கால் இல்லையோ என்று நினைத்தபடி மூன்றாம் நாள் மஞ்சுளாவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். பீன்ஸ், கேரட், கொஞ்சம் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. படியேறி வரும்போதே வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

ஹாலில் அப்பா தன் கணினி முன்னால் ஹெட்போனோடு. படுக்கையறையில் ஹன்னா என் லேப்டாப் முன்னால் ஹெட்போனோடு. நடுவே ஒரு சுவர். அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளை நகர்த்தும் கணினியோ பிரெமனில், எங்கள் சமையலறை மூலையில் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பிச்சி, ஓரம் போங்க, நான் வரேன்."

"நீ வந்தா நான் எறங்கோணுமா? கோத்தகிரி பஸ்ஸையே ஓவர்டேக் பண்றயா?"

"நீங்க பஸ்ஸே இல்ல. நீங்க கல்லு."

"கல்லா இருந்தாலும் கவர்மெண்டு கல்லு. ஓரமாப் போ."

இடி ஒன்று விழுந்தது, கரண்ட் போய்விட்டது. லேப்டாப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது, இணையம் இல்லாமல். ஹன்னா ஹெட்போனைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஹன்னா அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"நான்தான் முன்னாடி" என்றாள்.

"எங்க முன்னாடி? நீ மூணாவது வரப்புலயே முதுகக் காட்டிட்டயே."

"திரும்பிட்டேன். அப்பறம் நேரா வந்தேன்."

"இங்க பாரு." அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சாப்பாட்டு மேசையில் இருந்த டம்ளர்களை எடுத்தார். "இது வரப்பு. இது நானு. இது நீயி." ஹன்னா தன் டம்ளரை எடுத்து அவருடையதைத் தாண்டி வைத்தாள். அவர் பின்னால் இழுத்தார். அவள் வர்க்கிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, அதுதான் கடல் என்றாள். அவளுக்குச் சொல் வராத இடத்தில் கையால் காட்டினாள், அவர் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு அதையே மறுத்தார்.

நான் மீனைக் கழுவி முடித்தபோது கரண்ட் வந்தது. ஹாலில் கணினி உயிர் வந்து கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நின்றது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எஸ்தரு, நீ சொல்லு" என்று அப்பா என்னைக் கூப்பிட்டார். "கணக்குப் போடறவ நீதானே. ரெண்டு பேரும் அந்த எடத்துல இருந்து போயிருந்தா யாரு மொதல்ல கடலுக்குப் போயிருப்பாங்க?"

ஹன்னாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு டம்ளர்களைப் பார்த்தேன். அந்த எஞ்சினை வரி வரியாகப் படித்தவள் நான். அதே நாற்காலியை அதே இடத்தில் வைத்தாலும் இரண்டு முறை ஒரே மாதிரி போகாது.

"அதச் சொல்ல முடியாதுங்கப்பா" என்றேன்.

அந்தப் பதில் இருவருக்கும் பிடிக்கவில்லை. டம்ளர்களை மேசையின் மேல் முனைக்கு எடுத்துப் போய், முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.